சொல்லாமையும் உணராமையும்: உணர்வுநிலை ஆய்வின் வரலாறு

கிளேபாங் சாலையோரப் புல்வெளிகளிலும் மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளித் திடல்களிலும் தானே முளைத்துப் படரும் சிறு முட்செடி ஒன்று உண்டு. விரல் பட்டதும் இலைகளை மூடிக்கொள்ளும் அச்செடிக்குத் தமிழில் இரு பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று தொட்டாற்சுருங்கி, மற்றொன்று தொட்டாற்சிணுங்கி. மலாய்மொழி அதனைச் செமாலு என்கிறது. நாணம் என்னும் பொருளுடைய மாலு என்ற சொல் அப்பெயருள் இருக்கிறது. செடியின் தாயகமோ அமெரிக்க வெப்பமண்டலம். ஆகவே இப்பெயர்கள் எல்லாம் அதனைப் புதிதாகக் கண்ட மக்கள் கடந்த சில நூற்றாண்டுகளுக்குள் தாமே ஆக்கிக்கொண்டவை.

இரு தமிழ்ப் பெயர்களையும் நாம் அருகருகே வைத்து நோக்க வேண்டும். சுருங்குதல் கண்ணுக்குத் தெரியும் செயல். சிணுங்குதல் அவ்வாறன்று, அதற்கு உள்ளே ஒரு மனக்குறை வேண்டும். முதற்பெயரை இட்டவர் தாம் கண்டதை மட்டும் கூறினார். இரண்டாம் பெயரை இட்டவர் கண்டதிலிருந்து காணாத ஒன்றை ஊகித்தார். நம் மாநிலத்து ஊர்ப்பெயர்களிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். அலோர் காஜா என்பது யானை சென்ற தடத்தைச் சொல்லும் பெயர். மலாக்காச் செட்டிகள் வாழும் காஜா பெராங் என்பதோ சினங்கொண்ட யானை என்று பொருள்படும் பெயர். தடம் மண்ணில் காணப்படுவது. சினம் யானையின் உள்ளத்தில் இருப்பதாகக் கருதப்படுவது.

மனிதரிடத்தும் பிற உயிர்களிடத்தும் உணர்வுநிலை உண்டா, உண்டெனில் எவ்வாறு அறிவது என்னும் அறிவியல் வினாவின் வரலாறு முழுவதும் இவ்விரு பெயர்களுக்கு இடையே நிகழ்ந்த வழக்கு என்று கூறலாம். அவ்வரலாற்றை நாம் இவ்வுரையில் சுருக்கமாகத் தொகுத்துக் காண்போம். உடற்கூற்று நூலாரும் மருத்துவரும் எழுதிய வரலாறாகவே அது பெரிதும் அறியப்படுகிறது. மொழியியலார்க்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஏனெனில் ஓர் உயிர் உணர்கிறது என்பதற்கு நெடுங்காலமாக நாம் ஏற்றுவந்த தலையாய சான்று அது பேசுகிறது என்பதே.

1. சொற்களின் எல்லை

முதலில் சொற்களை வரையறுத்துக்கொள்வோம். நாளிதழ்களும் மருத்துவமனைத் தமிழும் பெரிதும் கையாளும் சொல் சுயநினைவு. விபத்தில் அடிபட்டவர் சுயநினைவின்றிக் கிடந்தார் என்றே எழுதுகிறோம். ஆனால் நினைவு என்பது முதற்கண் நடந்ததை மனத்தில் கொண்டிருத்தல். நடந்ததை அறவே மறந்துவிட்ட முதியவர் தம் முன்னுள்ள தேநீரின் சூட்டை உணர்கிறார். அவருக்கு நினைவு குன்றியிருக்கலாம், உணர்வு குன்றவில்லை.

நனவு என்பது பழைய, அழகிய சொல். உளவியல் நூல்களில் நனவிலி மனம் என்னும் தொடர் இதன்வழி வந்தது. எனினும் பழந்தமிழில் நனவு என்பது கனவுக்கு மறுதலை. கனவு காண்பவர் உறங்குகிறார். ஆனால் அஞ்சுகிறார், மகிழ்கிறார், ஓடுகிறார். அவருள் ஏதோ ஓர் அனுபவம் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. நனவையும் கனவையும் ஒருங்கே தழுவும் சொல் நமக்குத் தேவை. எனவே இவ்வுரையில் உணர்வுநிலை என்னும் சொல்லை ஆள்கிறோம். விழித்திருத்தலுக்கு விழிப்பு என்றும், தன்னைத் தான் என்று அறிதலுக்குத் தன்னுணர்வு என்றும், கண் செவி முதலியவற்றால் அறிதலுக்குப் புலனறிவு என்றும் கூறுவோம். இந்நான்கும் வேறு வேறு என்பதை அறிவியல் மிகுந்த முயற்சியோடுதான் கற்றுக்கொண்டது.

2. இலக்கணத்தின் சுவரும் மரபியலின் ஏணியும்

தமிழிலக்கண மரபு இவ்வினாவுக்கு இரு விடைகளைத் தந்துள்ளது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்கும்போதே மக்களென்று கருதப்படுவோரை உயர்திணை என்றும் ஏனையவற்றை அஃறிணை என்றும் பகுத்துவிடுகிறது. இடையில் படிகள் இல்லை. யானையும் கல்லும் ஒரே பக்கம். இரண்டும் வந்தது, கிடந்தது என்றே முடிபு கொள்ளும். இதனை நாம் சுவர் என்று அழைக்கலாம். பேச்சு வழக்கில் அச்சுவர் அவ்வளவு உறுதியானது அன்று. குழந்தை அழுகிறது என்று மனிதக் குழந்தையை அஃறிணையாகக் கூறுகிறோம். வீட்டு நாயை அவன் இன்னும் சாப்பிடவில்லை என்று உயர்திணையில் ஏற்றுகிறோம்.

அதே நூலின் மரபியல் வேறொரு விடை தருகிறது. உயிர்களை அது அறிவின் எண்ணிக்கையால் ஆறு படிகளாக அடுக்குகிறது. தொடுவுணர்வு மட்டும் உடையன புல்லும் மரமும். சுவையும் சேர்ந்தவை நத்தை, சிப்பி போன்றன. மோப்பமும் சேர்ந்தவை கறையானும் எறும்பும். பார்வையும் பெற்றவை நண்டும் தும்பியும். செவியும் பெற்றவை விலங்குகள். மனமும் வாய்ந்தோர் மக்கள். சமண நூலாகிய தத்துவார்த்த சூத்திரத்திலும் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என இதற்கு நெருங்கிய ஓர் அடுக்கு உண்டு. தொல்காப்பியத்தின் காலம் பற்றியும் மரபியலின் சில பகுதிகள் பிற்காலத்தவையோ என்பது பற்றியும் அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. அவை நம் வாதத்திற்கு இடையூறு ஆகா.

இந்த ஏணி உயிரியல் உண்மையாக நில்லாது. எறும்புகளுக்குக் கண் உண்டு; மரங்கள் ஒளியை அறிந்து வளைகின்றன. முன்னோர் இன்றைய அறிவியலை அன்றே கண்டனர் என்று பெருமை பேசுவதற்கு இங்கு இடமில்லை. ஆயினும் இரண்டு கருத்துகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, புலனறிவும் மனமும் வேறு என்ற தெளிவு. மற்றொன்று, உயிர்களிடையே உள்ளது படிநிலை வேறுபாடு என்ற எண்ணம்.

அப்படிகளின் எல்லை எங்கே என்பதில் நம் ஆசிரியர்களே ஒன்றுபடவில்லை. நன்னூல் ஐயறிவோடு நின்றுவிடுகிறது; மக்களையும் விலங்குகளையும் பறவைகளையும் ஒரே வகுப்பில் வைக்கிறது. தொல்காப்பிய உரையாசிரியராகிய பேராசிரியரோ மனம் என்னும் ஆறாம் அறிவு விலங்குகளுள்ளும் ஒருசாரவற்றுக்கு உண்டென்று கொண்டு, கிளி, குரங்கு, யானை ஆகியவற்றை எடுத்துக்காட்டினார். இம்மூன்று பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அவை மீண்டும் வரும்.

3. பேகனின் மயிலும் பெர்லின் குதிரையும்

மேலைநாட்டிலும் சுவர், ஏணி என்னும் இரு கருத்துகளும் மோதின. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட் விலங்குகளைப் பொறிகளோடு ஒப்பிட்டார். 1637இல் வெளிவந்த தம் நூலில் அவர் காட்டிய முதன்மையான சான்று மொழியே. கிளி சொற்களை ஒலிக்கும். ஆனால் தான் கருதுவதைக் கருதிப் பேசாது. ஆகவே அதற்கு மனம் இல்லை என்றார். நம் ஊரில் பொருள் அறியாது ஒப்பிப்பவரைக் கிளிப்பிள்ளை என்கிறோம். டெக்கார்ட்டின் வாதமும் அவ்வழக்கும் ஒன்றே.

1871இல் டார்வின் மனிதனின் வழித்தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டபோது ஏணி மீண்டும் நிறுத்தப்பட்டது. மனிதர்க்கும் உயர் விலங்குகளுக்கும் மனத்தளவில் உள்ள வேறுபாடு அளவின் வேறுபாடே, வகையின் வேறுபாடு அன்று என்பது அவர் முடிவு. அவரைப் பின்பற்றிய ஜார்ஜ் ரோமனீஸ் 1882இல் விலங்குகளின் அறிவுக்கூர்மை பற்றிய கதைகளைத் தொகுத்தார். பலர் எழுதியனுப்பிய நிகழ்ச்சிகளையும் ஏற்றுக்கொண்டதால் அத்தொகுப்பில் சிணுங்கிப் பெயர்கள் பெருகின.

இங்கு நமக்குப் பேகன் நினைவுக்கு வருகிறான். மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தவன் என்று கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றப்படுபவன். அவனது அருளில் ஐயமில்லை. அவனது ஊகம் சரியா என்பது வேறு வினா. மயில் அசைந்தது குளிராலா, தோகை விரித்தாடும் இயல்பாலா? 1894இல் பிரித்தானிய உளவியலாளர் லாயிட் மார்கன் இதற்கு ஒரு விதி வகுத்தார். விலங்கின் செயலை எளிய மனச்செயல் கொண்டே விளக்க இயலுமாயின், உயர்ந்த மனச்செயலை அதற்கு ஏற்றிக் கூறலாகாது என்பது அவ்விதி. சுருங்கி என்று சொன்னால் போதும் என்னும் இடத்தில் சிணுங்கி என்று சொல்லாதே என நாம் அதைத் தமிழ்ப்படுத்திக்கொள்ளலாம்.

அவ்விதியின் தேவையைப் பெர்லின் நகரத்துக் குதிரை ஒன்று மெய்ப்பித்தது. ஹான்ஸ் என்னும் அக்குதிரை கூட்டல் கழித்தல் கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை சொன்னது. அறிஞர்களும் வியந்தனர். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதனைச் சோதித்து வெளியிட்ட ஆய்வு உண்மையைக் காட்டியது. கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தவறியது. சரியான எண் வந்ததும் கேட்பவர் தம்மையறியாமல் தலையைச் சிறிது அசைப்பதைக் கண்டே அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியவில்லை. மனித உடலசைவை மனிதரினும் நுட்பமாகப் படிக்கத் தெரிந்திருந்தது.

இதன் பின் ஊசல் மறுகோடிக்குச் சென்றது. 1913இல் அமெரிக்கர் ஜான் வாட்சன் உளவியலில் உணர்வுநிலை என்னும் சொல்லுக்கே இடமில்லை என்று அறிவித்தார். தூண்டலும் துலங்கலும் மட்டுமே ஆய்வுக்குரியவை ஆயின. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் விலங்கு எதையாவது உணருமா என்று கேட்பதே ஆய்வாளருக்கு இழுக்காகக் கருதப்பட்டது. மார்கன் எச்சரிக்கையாகச் சொன்னது மறுப்பாக மாறிவிட்டது. சான்று இல்லை என்பதும் இல்லையென்பதற்குச் சான்று உண்டு என்பதும் வெவ்வேறு கூற்றுகள்.

4. கிளி, குரங்கு, யானை

இந்த மௌனத்தைக் கலைத்தவர்களுள் ஒருவர் டொனால்டு கிரிஃபின். மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் வௌவால் வழி அறிகிறது என்பதை இளமையிலேயே தம் நண்பர் கலம்போஸுடன் சேர்ந்து நிறுவியவர். மனிதர் அமைதி என்று எண்ணிய இரவு வௌவால்களின் ஒலியால் நிறைந்திருந்தது. 1976இல் அவர் விலங்குகளின் உணர்வு பற்றிய வினாவை வெளிப்படையாக எழுப்பி நூல் எழுதினார். அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர் மெய்யியலாளர் தாமஸ் நேகல், வௌவாலாக இருப்பது எத்தகையது என்று கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். புறத்திலிருந்து எத்துணை அளந்தாலும் அந்த அகத்தை அறிய முடியுமா என்பதே அவர் வினா.

பேராசிரியர் கூறிய மூன்று உயிர்களும் இக்காலத்தில்தான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தன. முதலில் கிளி. ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் கடையொன்றில் வாங்கிய அலெக்ஸ் என்னும் ஆப்பிரிக்கச் சாம்பல்நிறக் கிளி, 2007இல் இறக்கும் வரை 30 ஆண்டுகள் அவரிடம் பயின்றது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பொருள்களின் பெயரையும், ஏழு நிறங்களையும், ஐந்து வடிவங்களையும், ஆறு வரையிலான எண்களையும் அது சொல்லால் குறித்தது. இரு பொருள்களைக் காட்டி எது வேறுபடுகிறது என்று கேட்டால் நிறம் என்றோ வடிவம் என்றோ கூறியது. வேறுபாடு இல்லையாயின் எதுவுமில்லை என்றது. ஹான்ஸ் குதிரையின் பாடம் மறக்கப்படவில்லை. குறிப்புக் கிடைக்காதவாறு சோதனைகள் அமைக்கப்பட்டன. கிளிப்பிள்ளை என்னும் நம் வழக்கு அலெக்ஸுக்குப் பொருந்தவில்லை. அது உள்ளே என்ன உணர்ந்தது என்பதை இச்சோதனைகள் நிறுவிவிடவில்லை. பொருளறியாது ஒலித்தது என்ற வாதத்தை மட்டும் தகர்த்தன.

அடுத்து குரங்கு. மூளையின் பின்புறத்துப் பார்வைப் பகுதி சிதைந்த சில மனிதர், தமக்கு அப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே, ஊகமாகக் கை நீட்டச் சொன்னால் ஒளியைச் சரியாகச் சுட்டுவர். 1970களில் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் இந்நிலையை விரிவாக ஆராய்ந்தார். புலனறிவு வேலை செய்கிறது, உணர்வு இல்லை. குரங்குக்கும் இப்படி நேருமா? பேசாத குரங்கு எனக்குத் தெரியவில்லை என்று எவ்வாறு சொல்லும்? 1995இல் ஆலன் கோவியும் பெட்ரா ஸ்டோரிக்கும் அதற்கொரு வழி கண்டனர். ஒளி தோன்றாதபோது தொடுவதற்கென்று ஒரு தனிக் கட்டத்தைக் குரங்குகளுக்குப் பழக்கினர். மூளையின் ஒருபக்கப் பார்வைப் பகுதியை இழந்த குரங்குகள், ஒளி எங்கே என்று மட்டும் கேட்கும் சோதனையில் சரியாகத் தொட்டன. ஒளி இல்லை என்று கூறவும் வாய்ப்புள்ள சோதனையில், அதே பக்கத்து ஒளியை இல்லை என்றே குறித்தன. கண்டும் காணாத நிலை குரங்குக்கு உண்டெனில், கண்டு உணரும் நிலையும் அதற்கு இயல்பாக உண்டு என்று எண்ண இடமேற்பட்டது.

மூன்றாவது யானை. 1970இல் கார்டன் கேலப் கண்ணாடிச் சோதனையை வகுத்தார். விலங்கு தன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஒரு குறியைப் பெற்று, கண்ணாடியில் அதைக் கண்டபின் தன் உடலில் அவ்விடத்தைத் தொடுமானால், அங்குத் தெரிவது தான் என அது அறிகிறது என்பது கருத்து. சிம்பன்சிகள் அவ்வாறு தொட்டன. 2006இல் ஜோஷுவா புளோட்னிக், ஃபிரான்ஸ் டி வால், டயானா ரைஸ் ஆகியோர் நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் மூன்று ஆசியப் பெண்யானைகளின் முன் பெருங்கண்ணாடியை நிறுத்தினர். அவற்றுள் ஹேப்பி என்னும் யானை தன் தலையில் இடப்பட்ட வெள்ளைக் குறியைத் துதிக்கையால் பலமுறை தொட்டது. மற்ற இரண்டும் தொடவில்லை. யானைக்கு உடலில் சேறு படிவது நாள்தோறும் நேர்வது. குறியைப் பொருட்படுத்தாமை தன்னுணர்வு இன்மையாகிவிடாது. இதே ஹேப்பியை விடுவிக்கக் கோரிய வழக்கு நியூயார்க் மாநில உயர்நிலை நீதிமன்றம் வரை சென்று, 2022இல் ஐவர்க்கு இருவர் என்ற கணக்கில் தள்ளுபடியாயிற்று. உயர்திணையா அஃறிணையா என்று சொல்லதிகாரம் கேட்ட வினாவையே அங்குச் சட்டத்தின் மொழியில் கேட்டனர்.

5. நண்டும் தும்பியும்

ஆய்வு இப்போது ஏணியின் கீழ்ப்படிகளுக்கு இறங்கியுள்ளது. நெய்தல் நிலத்துப் பாடல்களில் தலைவி நண்டினிடம் தன் துயரைக் கூறுவாள். நன்னூல் இத்தகைய பேச்சுக்கு இடமளிக்கும்போது, அஃறிணைப் பொருள்கள் கேட்பனபோலவும் சொல்வனபோலவும் கூறப்படும் என்று, போல என்னும் சொல்லை விடாது சேர்க்கிறது. அந்தப் போல எத்துணை உண்மை?

வட அயர்லாந்தில் ராபர்ட் எல்வுட் துறவி நண்டுகளை ஆராய்ந்தார். வெற்றுச் சங்கினுள் குடியிருக்கும் இவை சிறு மின்னதிர்ச்சி பெற்றால் சங்கைவிட்டு வெளியேறும். வெறும் அனிச்சைச் செயலாயின் எச்சங்காயினும் ஒன்றுபோல் வெளியேற வேண்டும். ஆனால் தமக்கு விருப்பமான சங்கிலிருந்த நண்டுகள் எளிதில் வெளியேறவில்லை. கொன்றுண்ணும் பகையின் மணம் நீரில் கலந்திருந்தபோதும் தயங்கின. துன்பத்தை ஒருபுறமும் இழப்பை மறுபுறமும் வைத்து எடைபோடுவது போன்ற செயல் இது. இலண்டனில் லார்ஸ் சிட்காவின் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், பரிசு எதுவும் இன்றியே பம்பிள் தேனீக்கள் சிறு மரப்பந்துகளை மீண்டும் மீண்டும் உருட்டின. விளையாட்டு என்று சொல்லத் தோன்றுகிறது. மார்கனின் விதி நம் நாவைச் சற்றுத் தடுக்கிறது.

இவ்வாய்வுகள் ஏட்டோடு நிற்கவில்லை. 2012 ஜூலை 7 அன்று கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியலார், பாலூட்டிகளும் பறவைகளும் எண்காலி உள்ளிட்ட வேறு சில உயிர்களும் உணர்வுநிலைக்குரிய நரம்பு அடிப்படைகளைப் பெற்றுள்ளன என்று அறிக்கை வெளியிட்டனர். 2022இல் பிரித்தானிய நாடாளுமன்றம் விலங்குநலச் சட்டமொன்றில் நண்டு, இறால், எண்காலி ஆகியவற்றையும் உணரும் உயிர்களாகச் சேர்த்தது. 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் வெளியான அறிக்கை, முதுகெலும்புள்ளவை அனைத்துக்கும், பூச்சிகள் உட்பட முதுகெலும்பற்ற பலவற்றுக்கும், உணர்வுநிலை இருத்தல் கூடும் என்பதைப் புறக்கணிக்க இயலாது என்றது. கிளேபாங் கடற்கரையில் வாழும் நமக்கு நண்டு அயலானது அன்று. அதனை உண்ணலாமா என்பது அவரவர் முடிவு. கொதிநீரில் உயிரோடு இடலாமா என்ற வினாவுக்கு இனி அறிவியலும் ஒரு சாட்சி.

முதற்படியாகிய செடியையும் ஒரு சொல்லில் கூறிவிடுவோம். 19ஆம் நூற்றாண்டில் கிளாட் பெர்னார்ட் தொட்டாற்சுருங்கியை ஈதர் ஆவியில் வைத்தபோது அது தற்காலிகமாக இலை மூடாது போயிற்று. ஜகதீச சந்திர போஸ் அச்செடியின் மின்துடிப்புகளை நுண்கருவிகளால் அளந்தார். இவை செடி தூண்டலுக்குத் துலங்குகிறது என்பதைக் காட்டின. அது சிணுங்குகிறது என்பதற்குப் பெரும்பாலான அறிவியலார் இன்றும் சான்று காணவில்லை. மூளையோ நரம்போ இல்லாத உடலில் உணர்வு எங்கே நிகழும் என்பது அவர்கள் கேள்வி.

6. பேச்சு மூச்சு இல்லாதவர்

விலங்கைப் பற்றிய இவ்வரலாறு மனிதருக்கே திரும்பி வருகிறது. மயங்கி விழுந்தவரைப் பேச்சு மூச்சு இல்லாமல் கிடக்கிறார் என்கிறோம். உயிர்க்கு மூச்சும் உணர்வுக்குப் பேச்சும் அடையாளம் என இத்தொடர் இரண்டையும் இணைத்துவிட்டது. மருத்துவமும் அவ்வழியே சென்றது. 1974இல் கிளாஸ்கோ நகரின் டீஸ்டேல், ஜென்னட் என்னும் மருத்துவர் இருவர் வகுத்த அளவுகோல் இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. கண் திறத்தல் 4, பேச்சு 5, உடலசைவு 6 என மொத்தம் 15 மதிப்பெண். அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு பேச்சுக்குரியது. பெயர் என்ன, எங்கே இருக்கிறீர்கள், இது எந்த மாதம் என்று கேட்டு அம்மதிப்பெண் இடப்படுகிறது. தோட்டத்தில் பிறந்து தமிழ் மட்டுமே அறிந்து வளர்ந்த மூதாட்டி ஒருவரிடம் இவ்வினாக்களை மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டால், அவர் விழித்துக்கொண்டே மதிப்பெண் இழப்பார். அங்குக் குறைவது அவருடைய உணர்வுநிலை அன்று.

விழிப்பும் உணர்வுநிலையும் வேறு என்பதைக் காட்டும் துயரமான நிலை ஒன்றுண்டு. கண் திறக்கும், உறங்கி விழிக்கும்; ஆனால் சூழலை அறிந்ததற்கான குறி எதுவும் தோன்றாது. 2006இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், சாலை விபத்துக்குப் பின் ஐந்து மாதங்களாக அந்நிலையில் இருந்த 23 வயதுப் பெண் ஒருவரை மூளைப்படக் கருவியில் கிடத்தி, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள், உங்கள் வீட்டின் அறைகளில் நடப்பதாக எண்ணுங்கள் என்று கூறினர். நலமுடையோர் அவ்வாறு எண்ணும்போது இயங்கும் மூளைப் பகுதிகளே அவரிடத்தும் இயங்கின. விரலைக்கூட அசைக்க இயலாதவர் சொல்லைக் கேட்டார், விளங்கிக்கொண்டார், கீழ்ப்படிந்தார். 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், கட்டளைக்கு எவ்வசைவும் காட்டாத 241 நோயாளருள் 60 பேரிடம், ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம், இத்தகைய மறைந்த துலக்கம் காணப்பட்டது. அதே ஆய்வில் வெளிப்படையாகக் கட்டளைக்கு இணங்கியவருள் பாதிக்கும் மேற்பட்டோரிடம் கருவி எதனையும் காட்டவில்லை. கருவியின் மௌனத்தையும் நாம் முடிந்த முடிபாகக் கொள்ள முடியாது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற தமிழர் வி. எஸ். இராமச்சந்திரன் இவ்வரலாற்றுக்கு வேறொரு திசையிலிருந்து ஒளி தந்தார். கை துண்டிக்கப்பட்ட பலர் இல்லாத கையில் வலியை உணர்கின்றனர். 1990களில் அவர் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் நிழலை இழந்த கையின் இடத்தில் தெரியச் செய்தார். நோயாளர் சிலர் இறுகிக் கிடந்த இல்லாத விரல்கள் விரிவதாக உணர்ந்தனர். உடலில் இல்லாததையும் மூளை தன்னுடையதாக உணரும் என்பதை எளிய கண்ணாடி ஒன்று காட்டிற்று.

7. எஞ்சி நிற்கும் வினா

மூளையின் எச்செயலால் உணர்வுநிலை தோன்றுகிறது என்பது இன்னும் அறியப்படவில்லை. 1998இல் நரம்பியலார் கிறிஸ்டோஃப் கோக், 25 ஆண்டுகளுக்குள் அது தெளிவாகும் என்று மெய்யியலார் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் தம் தோல்வியை ஏற்று மதுப்புட்டிகளை வழங்கினார். போட்டியிடும் இரு கோட்பாடுகளின் ஆதரவாளர்கள் முன்கூட்டியே சோதனைகளை ஒப்புக்கொண்டு நடத்திய கூட்டாய்வு 2025இல் வெளிவந்தது; இரண்டின் முதன்மையான கருத்துகளுக்கும் அது ஐயம் எழுப்பிற்று. அறிவியல் தன் அறியாமையை இவ்வாறு வரையறுத்துக்கொள்வது தாழ்வு அன்று.

வினா தீரும்வரை நாம் சொற்களைக் காத்திருக்கச் செய்ய முடியாது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் உறவினர், தாதியோ மருத்துவரோ கூறியதைத் தமிழில் மற்றவர்க்குச் சொல்லியே ஆக வேண்டும். மலாய்மொழி செடார் என்னும் ஒரு சொல்லால் விழிப்பையும் உணர்வையும் சேர்த்துக் குறிக்கிறது. நாம் அதனைப் பெரும்பாலும் நினைவு இல்லை என்று பெயர்க்கிறோம். அச்சொல்லைக் கேட்ட குடும்பத்தார் படுக்கையருகே நின்றே நோயாளரின் கடனையும் சொத்தையும் ஈமச்சடங்கையும் பேசத் தொடங்கிவிடுகின்றனர். நினைவு இல்லை என்றால் அவர் கேட்கவும் மாட்டார் என்று அச்சொல்லே அவர்களுக்குச் சொல்லிவிடுகிறது.

ஆதலால் இம்மன்றத்தின் முன் இரு கருத்துகளை வைக்கிறோம். தமிழ்ப்பள்ளிகளுக்கான கலைச்சொல் தொகுப்புகளில் விழிப்பு, புலனறிவு, உணர்வுநிலை, தன்னுணர்வு என்னும் நான்கையும் பிரித்துத் தர வேண்டும். நினைவு என்பதை நினைவாற்றலுக்கு மட்டும் உரியதாக்க வேண்டும். மருத்துவச் செய்தியைத் தமிழில் கூறுவோர், கண்டதை மட்டும் கூறப் பழக வேண்டும்: கண் திறக்கிறார், கட்டளைக்குக் கை அசைக்கவில்லை, கேட்கிறாரா என்பது தெரியவில்லை. சுருங்கி என்று பெயரிட்டவரின் கவனம் இங்கு வேண்டும்.

அதேவேளையில், தெரியவில்லை என்பதை இல்லை என்று மாற்றிவிடாத அருளும் வேண்டும். பேகனின் ஊகம் பிழையாகவே இருந்தாலும் மயிலுக்கு அதனால் கேடு விளையவில்லை. உணர்வதை உணரவில்லை என்று எண்ணி நாம் செய்யும் பிழையின் துன்பமோ உணர்பவரையே சாரும். ஆகவே பேச்சு மூச்சு இல்லை என்று நாம் கூறும் ஒருவரிடம் மூச்சு இருக்கும் வரை அவருடைய தாய்மொழியில் பெயர் சொல்லி அழைத்துப் பேசுவோம். அவர் மறுமொழி கூறாதிருக்கலாம். அவர் கேட்கவில்லை என்பதற்கு அது சான்று ஆகாது.